மாறாத இணை

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் பைத்தான் மொழியின் லிஸ்ட்டும் டியூப்பிளும் ஒரே பாடத்தில் வருகின்றன. லிஸ்ட்டில் எதையும் சேர்க்கலாம், நீக்கலாம். பிறகு மாற்றவே முடியாத டியூப்பிள் எதற்கு என்று மாணவர் கேட்பது நியாயம். அந்த மாறாமைதான் அதன் அழகு. வத்திராயிருப்பு என்ற ஊரின் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் போதும்: வடக்கே ஏறத்தாழ 9.6 பாகை, கிழக்கே 77.6. இதை லிஸ்ட்டாக வைத்து ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்தால், அது உள்ளே வரிசையைத் திருப்பிப் போடலாம். ஊர் சத்தமில்லாமல் வடதுருவக் கடலுக்குப் போய்விடும். தவறு எங்கே நடந்தது என்று தேடுவதுதான் தொடக்க மாணவரைக் களைப்படையச் செய்யும் வேலை. டியூப்பிளை மாற்ற முயன்றால் பைத்தான் அந்த வரியிலேயே பிழை காட்டி நின்றுவிடும். ஊர்வாரி மழையளவைத் தொகுக்கும் டிக்‌ஷனரிக்கு இந்த இணையையே சாவியாகவும் வைக்கலாம்; லிஸ்ட்டுக்கு அந்தத் தகுதி இல்லை.

மதிப்பெண் பட்டியல் நாளும் வளருமே என்றால், அதற்கு லிஸ்ட்தான் சரி. டியூப்பிளுக்குள் ஒரு லிஸ்ட்டை வைத்தால் அந்த உள் லிஸ்ட் மாறத்தான் செய்யும். இது வலுவான ஆட்சேபம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்களும் சொற்களும் மட்டுமே உள்ள தொடக்கப் பயிற்சிகளில் இந்தச் சிக்கல் எழாது. ஒரே உறுப்புள்ள டியூப்பிளில் அந்த உறுப்புக்குப் பின் காற்புள்ளி இடுவது மட்டும் முதலில் உறுத்தும். இரண்டு நாளில் பழகிவிடும். ஆசிரியர்கள் ஒருமுறை லிஸ்ட்டுக்கு முன்பே டியூப்பிளை நடத்திப் பார்க்க வேண்டும்.