கொக்கிஸ் என்னும் அச்சு முறுக்கு

மயிலாப்பூர் மாட வீதிகளின் பட்சணக் கடைகளில் பொன்னிறப் புஷ்பங்களாக அடுக்கப்பட்டிருக்கும் அச்சு முறுக்கை இலங்கையின் சித்திரைப் புத்தாண்டுத் தட்டில் கண்டவர்கள், அங்கே அதற்குக் ‘கொக்கிஸ்’ என்னும் நாமம் வழங்குவதையும் கேட்டிருப்பார்கள். 1658 முதல் 1796 வரை அத்தீவின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தரின் பாஷையில் ‘கூக்’ என்பது பணியாரம், ‘கூக்யெஸ்’ என்பது சிறு பணியாரங்கள். அமெரிக்கரின் ‘குக்கி’யும் அந்த மூலத்தில் பிறந்ததே. பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பி, 1674-இல் கோல்கொண்டாப் படையோடு சேர்ந்து நமது சாந்தோமிலிருந்து பிரெஞ்சுக்காரரை அகற்றிய அதே ஒல்லாந்தரின் சொல், இங்கே இப்பலகாரத்தில் ஒட்டவில்லை. அச்சின் பெயரே நிலைத்தது, அதுவே எனக்கு உசிதமாகப் படுகிறது. ஏனெனில் இதன் சூட்சுமம் முழுவதும் அச்சில்தான் இருக்கிறது: எண்ணெயில் நன்கு காய்ந்த அச்சை, அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கலந்த கரைசலில் முக்கால் பங்கு மட்டும் தோய்த்து, மீண்டும் எண்ணெயில் அமிழ்த்தி, மெல்ல உதற வேண்டும். சூடு போதாவிடில் மாவு பற்றாது. மேல்விளிம்பை மாவு மூடிவிட்டாலோ பூ கழலாது. புதிய அச்சை எண்ணெயில் ஊறவைத்துப் பழக்காமல், முதல் ஈடே நன்றாக வரவேண்டுமென்று எதிர்பார்ப்பது வீண்.