நியூமனின் ‘அப்பொலோஜியா’வில் சொல்லப்படாத திருமுழுக்கு

ஒரு திருச்சபையை விட்டு மற்றொன்றில் சேர்ந்தோர் எழுதிய வரலாறுகளுள் ஜான் ஹென்றி நியூமன் 1864-இல் வெளியிட்ட ‘அப்பொலோஜியா ப்ரோ வீட்டா சுவா’ தலைசிறந்த ஒன்று. உண்மையை மதியாதவர் என்று சார்லஸ் கிங்ஸ்லி சாட்டிய பழிக்கு விடையாக எழுந்தது அந்நூல். தம் சமயக் கருத்துகள் படிப்படியாக மாறிய வகையை நாள்களையும் கடிதங்களையும் காட்டி நியூமன் அதில் விளக்குகிறார். அவருடைய முடிவை ஏற்காத நாமும் அவருடைய நேர்மையை மறுக்க இயலாது. ஆயினும் திருமுழுக்கு என்னும் ஒரு பொருளை மட்டும் கருத்தில் கொண்டு இந்நூலைப் படித்தால், அதில் ஒரு பெருங்குறை புலப்படுகிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நியூமன் 1801 ஏப்ரல் 9-ஆம் நாள் இலண்டனில் இங்கிலாந்துத் திருச்சபையில் குழந்தையாகத் திருமுழுக்குப் பெற்றவர். 1816-இல், பதினைந்தாம் வயதில், தமக்கு உண்டான மனந்திரும்புதலை அவர் நன்றியோடு நினைவுகூருகிறார். பின்னர் ஆக்ஸ்போர்டில் ஹாக்கின்ஸ் என்பவரின் கண்டிப்பாலும் அவர் கொடுத்த ஒரு நூலாலும், தம்மிடம் எஞ்சியிருந்த கால்வினியக் கொள்கையைக் கைவிட்டுத் திருமுழுக்கினால் உண்டாகும் மறுபிறப்பை ஏற்றுக்கொண்டதாக எழுதுகிறார். இது அவருக்கு ஏட்டளவில் நின்ற கொள்கை அன்று. 1834-இல், திருமுழுக்குப் பெறாத ஒரு பெண்ணுக்குத் திருமணம் நடத்த மறுத்து, ஊரார் பலரின் கண்டனத்துக்கு அவர் ஆளானார்.

அவரை உரோமாபுரியை நோக்கித் திருப்பிய நிகழ்ச்சியும் திருமுழுக்கோடு தொடர்புடையதே. தொனாத்தியரைப் பற்றி வைஸ்மன் எழுதிய கட்டுரையை 1839-இல் நியூமன் படித்தார். உலகெங்கும் பரந்த திருச்சபையின் தீர்ப்பே உறுதியானது என்னும் கருத்துடைய அகுஸ்தீனின் சொல் அவர் உள்ளத்தைத் தைத்தது. ஆனால் அந்த வழக்கில் தகராறுக்கு உட்பட்ட பொருள் யாது? தம்மிடம் வந்த கத்தோலிக்கருக்குத் தொனாத்தியர் மீண்டும் முழுக்களித்தனர். அகுஸ்தீனோ, முழுக்கு கிறிஸ்துவினுடையது. ஆகவே பிரிந்து நின்றோர் அளித்ததையும் மீண்டும் அளித்தல் ஆகாது என்று வாதாடினார். அகுஸ்தீனின் தீர்ப்பில் ஒரு பாதியை இறுகப் பற்றிய நியூமன், மறுபாதியைக் குறித்து ஒன்றும் பேசவில்லை.

நூலின் வரலாறு 1845 அக்டோபர் 8-ஆம் நாளை வந்தடைகிறது. அன்று எழுதிய கடிதத்தில், தோமினிக்கு பர்பெரி என்னும் துறவியின் வருகைக்குக் காத்திருப்பதையும், கிறிஸ்துவின் ஒரே மந்தையில் தம்மைச் சேர்க்கும்படி அவரிடம் கேட்கவிருப்பதையும் நியூமன் தெரிவிக்கிறார். மறுநாள் லிட்டில்மோரில் நிகழ்ந்ததை நூல் கூறவில்லை. அன்று அவருக்கு நிபந்தனைத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது.

இது மறுமுழுக்கு அன்று என்று கத்தோலிக்க இறையியலார் கூறுவர். முந்திய முழுக்கு செல்லாததாயின் மட்டுமே இது செல்லும் என்னும் நிபந்தனை அதில் அடங்கியுள்ளது. ஆகவே அவர்கள் கூற்று சரியே. மூவொரு கடவுளின் பெயரால், திருச்சபையின் நோக்கத்தோடு, பிரிந்தோர் அளிக்கும் முழுக்கும் மெய்யானதே என்று திரெந்து சங்கமும் 1547-இல் விதித்தது. சீர்திருத்தச் சபைகளின் குருமார் நீரையும் சொற்களையும் கவனமின்றிக் கையாண்டனரோ என்னும் ஐயமே இவ்வழக்கத்துக்குக் காரணம். ஆனால் ஒருவர் பெற்ற முழுக்கை விசாரித்து ஐயுறுதல் வேறு. வருவோர் அனைவர்மீதும் ஒரே ஐயத்தைச் சுமத்துதல் வேறு.

நியூமன் எழுதியது கருத்துகளின் வரலாறே, சடங்குகளின் வரலாறு அன்று என ஒருவர் அவருக்காகப் பரிந்து பேசலாம். திருமுழுக்கை மறுபிறப்பு என்று போதித்தவருக்கு இவ்விடை பொருந்தாது. மேலும், கத்தோலிக்கரானபோது தம் உள்ளத்தில் எவ்வித மாறுதலையும் தாம் உணரவில்லை என்றும், கொந்தளித்த கடலிலிருந்து துறைமுகம் சேர்ந்தாற்போல இருந்தது என்றும் அவரே எழுதுகிறார். அப்படியாயின், அலைகடலிலும் அவரைத் தாங்கிய மரக்கலம் எது? 1801-இல் பெற்ற முழுக்கின் அருளே என்று அவர் ஒரு சொல் எழுதியிருந்தால், அவர் விட்டு வந்த திருச்சபைக்கும், அங்கு அவர் தம் கையால் முழுக்களித்த குழந்தைகளுக்கும் நீதி செய்தவராவார்.

நியூமன் எழுதாததை உரோமைத் திருச்சபை பின்னர் தானே எழுதிற்று. திருமுழுக்கினால் பிரிந்த சகோதரரும் கிறிஸ்துவோடு இணைக்கப்பட்டுள்ளனர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் அறிக்கையிட்டது. வேறுபாடின்றி எல்லாருக்கும் நிபந்தனைத் திருமுழுக்கு அளிப்பது தகாது என்று 1967-இல் வெளிவந்த கிறிஸ்தவ ஒன்றிப்பு நெறிமுறை கட்டளையிட்டது. 1983-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பும், விசாரணைக்குப் பின்னும் தக்க ஐயம் நீடித்தால் மட்டுமே அதற்கு இடமளிக்கிறது. 2019-இல் புனிதர் பட்டம் பெற்ற நியூமன் இன்று அக்கதவைத் தட்டுவாராயின், விசுவாச அறிக்கையோடும் உறுதிபூசுதலோடும் நற்கருணையோடும் ஏற்றுக்கொள்ளப்படுவார். ஞானஸ்நானத் தொட்டியண்டை நிறுத்தப்படமாட்டார்.

இதனைக் கண்டு நாம் பெருமை பாராட்டுவதற்கில்லை. நம்மிடையேயும் குழந்தைப் பருவத்து முழுக்கை ஒன்றுமில்லாததாக எண்ணி மீண்டும் முழுக்குத் தேடுவோர் உளர். அவர்களைக் கடிந்துகொள்ளுமுன் நம்மை நாமே சோதித்தறிதல் நன்று. தண்ணீரைப் பெயருக்குத் தொட்டுவிட்டு, அவசரமாக வார்த்தைகளை உச்சரித்து, பதிவேட்டில் எழுதவும் மறக்கும் போதகர் பிறருடைய ஐயத்துக்குத் தாமே வித்திடுகிறார். நிறைவான நீரும் தெளிவான திருப்பெயரும் ஒழுங்கான பதிவும் நம் திருப்பணியில் இருக்குமாயின், நம் மக்கள் எந்தச் சபையின் வாசலில் நின்றாலும், தாங்கள் ஏற்கெனவே கிறிஸ்துவுக்குரியவர்கள் என்று தலைநிமிர்ந்து கூறுவர்.