நெற்றிப்பட்டையும் கைக்கயிறும்: நருடோவை ஒரு மாணவன் வாசித்தது

1

பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள், இரண்டாவது பீரியட். வகுப்பாசிரியர் கையில் ஒரு தாளோடு உள்ளே வந்தார். 'ஸ்காலர்ஷிப் பாரம் மதியத்துக்குள்ள ஆபீஸ்ல குடுக்கணும். எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்கடா' என்றார். அவர் குரலில் வெறுப்பு எதுவும் இல்லை, வேலையை முடிக்கிற அவசரம்தான் இருந்தது. ஏழு பேர் எழுந்து நின்றார்கள். அதில் ஒருவன் ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சுக்காரன்.

நான் எழுந்திருக்கவில்லை, எழவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. என் வலது மணிக்கட்டில் ஒரு கயிறு இருந்தது. அதன் நிறத்தை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு நான் யார் என்று உடனே தெரிந்துவிடும். ஒரு நிறத்தைச் சொன்னாலே ஆளைத் தெரிந்துவிடுகிறது என்பதுதான் இங்கே பேச்சே. அன்று மதியம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போகாமல் வராந்தாவில் வேறு கூட்டத்தோடு உட்கார்ந்தேன். யாரும் சொல்லி நான் அங்கே போகவில்லை. அதனால்தான் இன்றுவரை அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அவனே வந்து பேசினான். நருடோவைப் பற்றித்தான். 2022-இல் அது தொலைக்காட்சியில் தமிழ்க் குரலில் வரத் தொடங்கியிருந்தது. அதற்கு முன்பே எங்கள் வகுப்பில் பாதிப்பேர் செல்போனில் பார்த்து முடித்திருந்தோம். 'நான்தான்டா நருடோ' என்று அவன் சொல்வான். 'போடா, நான்தான்' என்று நான் சொல்வேன். கயிறு கட்டியவன், கட்டாதவன், எழுந்து நின்றவன், உட்கார்ந்திருந்தவன் என்று எல்லோருமே நருடோ. ஒரே வகுப்பில் நாற்பது நருடோக்கள் எப்படி இருக்க முடியும்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

2

கார்ட்டூனைப் பற்றி இப்படி ஒரு இதழில் எழுதலாமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை ஜப்பானிய வார இதழ் ஒன்றில் 700 அத்தியாயங்களாக வரைந்து எழுதிய தொடர் இது. 2002-இல் தொடங்கிய அனிமே வடிவம் இரண்டு பகுதிகளாக 2017 வரை ஓடியது: முதல் பகுதி 220 எபிசோடு, இரண்டாவது 500. நம் பாடப்புத்தகங்களைவிட அதிகமாக நம் பிள்ளைகளால் விரும்பி வாசிக்கப்பட்ட ஒரு பிரதியை விமர்சனத்துக்கு வெளியே வைப்பது யாருக்கு வசதி என்று திருப்பிக் கேட்கலாம்.

கதை பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. கொனோஹா என்கிற நிஞ்ஜா கிராமம். அந்த ஊரை ஒருகாலத்தில் அழிக்க வந்த ஒன்பது வால் நரியைப் பிறந்த குழந்தை ஒன்றின் உடலுக்குள் அடைத்து முத்திரையிட்டுவிடுகிறார்கள். அந்தக் குழந்தைதான் நருடோ. இதைப் பற்றி யாரும் வாய்திறக்கக் கூடாது என்பது ஊர்த்தலைவரின் கட்டளை. சிறுவர்களுக்குக் காரணமே தெரியாது. ஆனாலும் அவனோடு சேரக்கூடாது என்பது மட்டும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது. பெரியவர்களின் பார்வையிலிருந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற வேகத்திலிருந்து அதைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

விலக்குதல் எப்படி ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன காட்சிகள் குறைவு. வார்த்தையைத் தடைசெய்யும் சட்டம் இருக்கிறது. வார்த்தையின் உதவியே இல்லாமல் விலக்கு தொடர்கிறது. பெயரிடப்படாததால் அதை எதிர்த்து வாதாடவும் வழியில்லை. பள்ளி வாசலில் ஊஞ்சலில் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனுக்குத் தான் எதற்காக விலக்கப்பட்டிருக்கிறோம் என்பதே தெரியாது. எங்கள் ஊரில் இதைப் பார்த்த யாருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை.

3

அடுத்தது தேர்வு. ஃபூக்கோ 1975-இல் வெளியான சிறை பற்றிய நூலில் தேர்வு என்பதைக் கண்காணிப்பும் தரப்படுத்தலும் ஒன்றாகச் சேருகிற சடங்காக வாசித்தார். ஒவ்வொருவரையும் தனித்தனி ஆளாக ஆக்கி, தாளில் பதிந்து, வரிசையில் நிறுத்துவது அதன் வேலை. எங்களுக்கு இதைப் புரிந்துகொள்ள பிரெஞ்சு வாத்தியார் வேண்டியதில்லை. மார்க் வாரியாக பெஞ்ச் மாற்றுவார்கள். கடைசி இரண்டு பெஞ்சுக்கு 'ஸ்லோ லேனர்ஸ்' என்று பெயர். தமிழக அரசு 2017-இல் பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் வகுப்பறைக்குள் ரேங்க் நிற்கவில்லை. அதே 2017-இல்தான் மருத்துவப் படிப்புக்கு நீட் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்து பள்ளி மார்க்கையே செல்லாக்காசாக்கியது.

நருடோவில் நடுநிலை நிஞ்ஜாவாவதற்கான தேர்வின் முதல் கட்டம் எழுத்துத் தேர்வு. ஒன்பது கேள்விகள், எதற்கும் அந்த வயசுப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களால் விடை எழுத முடியாது. காப்பியடித்தால் ஒவ்வொரு முறைக்கும் இரண்டு மார்க் போகும், ஐந்து முறை பிடிபட்டால் மூவர் குழுவே வெளியே. மெல்லத்தான் விஷயம் புரிகிறது: மாட்டாமல் காப்பியடிப்பதுதான் தேர்வே. விடை தெரிந்த ஆட்களைத் தேர்வு நடத்துபவர்களே பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். நருடோவுக்கு இது எதுவும் புரியவில்லை. பக்கத்தில் ஹினாட்டா என்கிற பெண் தன் தாளைக் காட்டுகிறேன் என்கிறாள். அவளுக்குத் தொந்தரவு வந்துவிடும் என்று மறுத்துவிடுகிறான். பத்தாவது கேள்வி வருகிறது: எழுதித் தோற்றால் வாழ்நாள் முழுக்கக் கடைநிலையிலேயே இருக்க வேண்டும், இப்போதே எழுந்து போகிறவர்கள் போகலாம். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தேர்ச்சி. வெள்ளைத்தாளைக் கொடுத்த நருடோவும் தேர்ச்சி.

இந்தக் காட்சியை நாங்கள் எத்தனை முறை பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. தேர்வு தன்னைத்தானே கேலி செய்துகொள்கிற தருணம் அது. கடைசி பெஞ்சின் கனவு. 'நம்ம ஸ்கூல்ல இப்படி ஒரு பரிச்ச வச்சா நாமதான்டா ஸ்டேட் ஃபர்ஸ்ட்' என்பான் என் பெஞ்சுக்காரன்.

இப்போது திரும்பப் பார்க்கும்போது அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு முள் தட்டுப்படுகிறது. அந்தத் தேர்வு எதற்கு? ஒற்றர்களையும் படைவீரர்களையும் பொறுக்கியெடுக்க. காப்பியடிக்கும் திறமை தகவல் திருடும் திறமை. பத்தாவது கேள்வி சோதிப்பது, திரும்பி வர முடியாத வேலைக்குக் கேள்வி கேட்காமல் போவாயா என்பதை. மார்க்கைத் தூக்கி எறிந்த இடத்தில் உயிரை வைக்கச் சொல்கிறார்கள். பள்ளியின் தரவரிசை போனதாகத் தெரிகிற இடத்தில் அரசின் தேவை உட்கார்ந்திருக்கிறது. கொனோஹாவின் பள்ளி பன்னிரண்டு வயதில் பிள்ளைகளைச் சண்டைக்கு அனுப்புகிற பள்ளி என்பதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்க விடாமல் நருடோவின் உற்சாகம் பார்த்துக்கொண்டது.

4

இந்தப் பிரதியின் இதயம் என்று நான் நினைப்பது நருடோவை அல்ல, நெஜியை. ஹியூகா என்பது கொனோஹாவின் பெரிய குலம். அதில் மூலக் குடும்பம், கிளைக் குடும்பம் என்று இரண்டு. கிளையில் பிறந்த குழந்தையின் நெற்றியில் ஒரு முத்திரை பொறிக்கப்படும். கூண்டுப் பறவை என்று அதற்குப் பெயர். மூலக் குடும்பத்தார் விரலை மடக்கி ஒரு சைகை செய்தால் போதும், முத்திரை சுமப்பவனின் மூளை துடிக்கும், உயிரும் போகலாம். குலத்தின் கண்ணில் இருக்கிற ரகசிய சக்தி வெளியாருக்குப் போகாமல், செத்ததும் அதை மூடிவிடுவதும் அதே முத்திரைதான். கிளையில் பிறந்தவனின் வேலை மூலத்தைக் காப்பது.

நெஜியின் அப்பாவும் ஹினாட்டாவின் அப்பாவும் இரட்டையர். ஒருவர் சற்று முந்திப் பிறந்தார், மற்றவர் பிந்தினார். அவ்வளவுதான் வித்தியாசம். ஜப்பானில் குடும்பத் தலைமையையும் மூத்த வாரிசையும் மையமாகக் கொண்ட 'இயே' முறை 1898 சிவில் சட்டத்தில் எழுதிவைக்கப்பட்டு, 1947-இல் நீக்கப்பட்டது. கிஷிமோட்டோ அந்த நினைவிலிருந்து எடுக்கிறார் என்று கொள்ளலாம். அது சாதி அல்ல. ஆனால் பிறப்பு உடலில் எழுதப்படுவது, எழுதப்பட்டது ஆயுதமாவது, அந்த ஆயுதம் இன்னொருவன் கையில் இருப்பது என்கிற அமைப்பு நமக்குப் பழக்கமானது.

இதில் ஒரு சின்ன விவரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. நிஞ்ஜாக்கள் எல்லோரும் நெற்றியில் ஒரு பட்டை கட்டுவார்கள். கிராமத்தின் சின்னம் பொறித்தது. பள்ளித் தேர்வில் மூன்று முறை தோற்ற நருடோவுக்கு அவன் வாத்தியார் இருகா தன் பட்டையைக் கழற்றிக் கட்டிவிடுகிற காட்சியில் அழாதவன் எங்கள் வகுப்பில் இல்லை. அந்தப் பட்டை எல்லோரும் ஒன்று என்று சொல்கிறது. அதே பட்டைதான் நெஜியின் முத்திரையை மறைக்கிறது. நருடோவோடு மோதும்போது நெஜி பட்டையை அவிழ்த்துக் காட்டுகிறான். குடிமகன் என்கிற அடையாளத்துக்கு அடியில் குலம் அப்படியே இருக்கிறது.

எங்களுக்கும் ஒரே நிறத்தில் சீருடை உண்டு. சட்டைக் கையை முட்டிவரை மடித்துவிட்டால் கயிறு தெரியும். தென்மாவட்டப் பள்ளிகளில் இந்த வண்ணக் கயிறுகளைப் பற்றி 2019-இல் கல்வித்துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தன் கவனத்துக்கு வராமல் அனுப்பப்பட்டது என்று அமைச்சரே சொன்னார், விஷயம் அமுங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அப்போது நானும் பன்னிரண்டாம் வகுப்பு. அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம் என்றது; வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது என்றது. நெற்றிக்குறியைப் பற்றிய வரிக்குத்தான் பெரிய கூச்சல் எழுந்தது. பதிவேட்டைப் பற்றிப் பேச ஆளில்லை.

5

நெஜி சொல்வது ஒன்றுதான்: விதி பிறப்போடு தீர்மானமாகிறது. நருடோ அதை மறுக்கிறான், ஜெயிக்கிறான், ஊர்த்தலைவனானதும் ஹியூகாவை மாற்றுவேன் என்று வாக்குக் கொடுக்கிறான். பிரதி தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொண்ட வாக்கு அது. அதை என்ன செய்தது என்று பார்ப்போம்.

முதலாவது, அந்தச் சண்டை முடிந்ததுமே மூலக் குடும்பத் தலைவர் நெஜியிடம் ஒரு கடிதத்தைக் கொடுக்கிறார். பக்கத்து நாடு அவருடைய பிணத்தைக் கேட்டபோது அவருக்குப் பதிலாகச் செத்த நெஜியின் அப்பா எழுதியது: கட்டாயத்தால் அல்ல, என் விருப்பத்தால் சாகிறேன் என்பது அதன் சாரம். தலைவர் நெற்றி தரையில் படக் குனிகிறார். நெஜி மனம் மாறுகிறான். அமைப்பு அப்படியே இருக்கிறது. பலியானவனின் சம்மதத்தைக் காட்டிப் பலிபீடத்தைக் கழுவிவிடுவது பழைய தந்திரம்.

இரண்டாவது, நருடோ யாருமற்ற அனாதை இல்லை என்று பின்னால் தெரிகிறது. நான்காம் தலைவரின் மகன். அதோடும் விடவில்லை, ஆதி ஞானியின் இளைய மகன் அசுரனின் மறுபிறவி. எதிராளி சசுகே மூத்த மகன் இந்திரனின் மறுபிறவி. அசுரன் பக்கம் கதாநாயகன் நிற்பதில் நமக்கு ஒரு திராவிடச் சிரிப்பு வரலாம். ஆனால் பிறப்பு விதி ஆகாது என்று கத்திய பையனுக்குப் பிரதி கடைசியில் தருகிற பரிசு ஓர் உயர்ந்த பிறப்பு. கடைசி பெஞ்சுக்காரன் ஜெயித்ததற்கு ரத்தத்தில் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் நெருக்கிக் கேட்டால் எங்கே போய் நிற்பார்களோ, அங்கேயே பிரதியும் போய் நிற்கிறது. வெறும் உழைப்பால் மேலே வந்த ராக் லீ என்கிற பையனை அதற்குள் கதை ஓரங்கட்டியிருந்தது தற்செயல் இல்லை.

மூன்றாவது, நெஜி போரில் சாகிறான். மூலக் குடும்பத்துப் பெண் ஹினாட்டாவையும் நருடோவையும் காப்பாற்றத் தன் உடம்பைக் குறுக்கே கொடுத்து. செத்ததும் நெற்றி முத்திரை மறைகிறது. கிளை எதற்காக இருக்கிறதோ அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் அவனுக்கு விடுதலை. தில்லைக்குள் நுழைய நந்தனுக்கு நெருப்பு வைத்திருந்த கதையைக் கேட்டு வளர்ந்த நாம் இதைப் புரிந்துகொள்ளத் தடுமாற மாட்டோம். உயிரோடு இருக்கும்வரை குறி போகாது. குறி போனபோது ஆள் இல்லை. நருடோ தலைவனாகிறான். ஆனால் 700 அத்தியாயங்களில் அந்த முத்திரை முறை ஒழிக்கப்பட்டதாக ஒரு காட்சி கிடையாது.

6

ஆக, நாற்பது நருடோக்கள் எப்படி என்கிற கேள்விக்கு வருகிறேன். விலக்கப்பட்டவனின் வலியை விலக்குகிறவனும் தன் வலியாக அனுபவிக்கும்படி பிரதி ஓர் இடத்தைச் செய்து தருகிறது. கணக்கில் ஃபெயிலானதற்கும், அப்பா திட்டியதற்கும், பிடித்த பெண் பேசாததற்கும் நான் ஊஞ்சலில் உட்கார்ந்த நருடோ ஆனேன். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற ஊர்க்காரன் நான் என்று எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குக் கதையில் பெயர் கிடையாது. பெயரில்லாத இடத்தில் யார் போய் உட்காருவார்கள்? அழுகிற சுகம் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்துவிட்டதால் கயிற்றை அவிழ்க்க வேண்டிய அவசியம் எழவில்லை.

இதனால் நருடோவைத் தூக்கி எறியச் சொல்கிறேனா? இல்லை. எறிய என்னால் முடியாது. எனக்கு வார்த்தை கொடுத்தது அதுதான். பிரதி செய்த துரோகத்தைக் கண்டுகொள்ளப் பிரதியே கொடுத்த வாக்குத்தான் அளவுகோலாக இருந்தது. நெஜி பட்டையை அவிழ்த்த அந்த ஒரு கணத்திலிருந்து மொத்தத்தையும் திரும்ப வாசிக்கலாம்.

கயிற்றை நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகுதான் கழற்றினேன். பள்ளியில் இருந்தபோது கழற்ற எனக்குத் தைரியம் வரவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். இதை எழுதத் தொடங்கும் முன் என் பெஞ்சுக்காரனிடம் சொன்னேன். அவன் வேறு ஊரில் பாலிடெக்னிக் படிக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: 'நான் நருடோன்னு சொன்னப்ப நீயும் நருடோன்னு சொன்னேல்ல, அப்பவே எனக்குத் தெரியும்டா. நீ சொல்லட்டும்னு விட்டுட்டேன்.'

அவன் எனக்கு விட்டுக்கொடுத்தது ஒரு பாத்திரத்தை மட்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.