தொலைந்த நேரத்துக்கே போய்த் தேடுவது

நாகலாபுரம் பக்கம் மாடு காணாமல் போனாலும் தோடு தொலைந்தாலும் குறி கேட்கப் போவது பழைய வழக்கம். "எப்போ தொலைஞ்சது?" என்றுதான் பேச்சு தொடங்கும்.

ஆர். ரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை' (2015) அந்தக் கேள்வியையே கதையாக்கியது. 2065-இல் செய்த கால இயந்திரம் இரண்டு நண்பர்கள் கையில் சிக்குகிறது. ஒருவர் ஜோசியர். பொருள் தொலைந்த நேரத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து இடத்தைச் சொல்கிறார்கள், கூட்டம் குவிகிறது. பெரிய விஞ்ஞானத்தை நம் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்த அழகு அது! பிறகு, சாக வேண்டிய ரவுடி இவர்களால் பிழைத்துவிட, நிகழ்காலமே தடம் மாறுகிறது.

பிபிசியில் 1963 நவம்பர் 23-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரிலும் காலப் பயணம்தான்; அங்கே நீலநிற போலீஸ் பெட்டிதான் வண்டி. வெளியே ஓர் ஆள் நிற்கும் அளவு, உள்ளே மாளிகை.

ஜெர்மன் காலப் பயணத் தொடரான 'டார்க்' (2017) நம் திண்ணைக்கு இன்னும் நெருக்கமானது. 33 ஆண்டு இடைவெளியில் ஒரே ஊரை, அதே குடும்பங்களையே சுற்றிவருகிறது. தெரு அதேதான், தாத்தா மட்டும் சிறுவன்.

நாகலாபுரம் போன்ற கரிசல் ஊர் ஒன்றை வைத்துத் தமிழில் யாராவது இப்படியொரு தொடர் எழுத வேண்டும்.