ஓடை மீனும் மயில் மீனும்

நீலகிரியின் அவலாஞ்சி ஓடைகளில் வாழும் வானவில் டிரவுட், வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைப் பூர்விகமாகக் கொண்டு, ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இம்மலைக்குக் கொண்டுவரப்பட்ட மீனாகும். குளிர்ந்த நீரில்தான் உயிர்வளி மிகுதியாகக் கரைந்திருக்கும் என்பதால், ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் குறைந்த நீரையே அது நாடுகிறது. பாறையின் பின்னே வேகம் தணிந்த நீரில், ஓட்டத்தை எதிர்நோக்கி அசையாததுபோல் நின்று, மிதந்துவரும் பூச்சிக்காக அது காத்திருக்கும்போது, விலாவின் இளஞ்சிவப்புப் பட்டையும், வாலுக்குச் சற்று முன்னே 'கொழுப்புத் துடுப்பு' எனப்படும் முள்ளற்ற சிறு சதைமடலும் தெளிவாகப் புலப்படும்.

மன்னார் வளைகுடா மீனவர் அறிந்த மயில் மீனோ, வெப்பக்கடலின் திறந்த பரப்பில் விரைந்தோடும் வேட்டை மீன். ஈட்டிபோல் நீண்ட மேல்தாடை கொண்ட அது, மத்திக் கூட்டத்தை வளைக்கும்போது, முதுகுப் பள்ளத்தில் மடங்கிக் கிடக்கும் தோகைத் துடுப்பைப் பாய்போல் விரிக்க, அதன் உடலெங்கும் நீலக்கோடுகள் ஒளிர்ந்து மறைகின்றன. வெப்பநீரில் வாழ்ந்தாலும், குளிர்ந்த ஆழத்துக்கு இறங்குகையில் கண்ணையும் மூளையையும் சூடாக வைத்திருக்கும் தனித் திசு அதன் தலைக்குள் உண்டு என்பது பெருவியப்பு.

எனினும், உருவில் பன்மடங்கு சிறிய டிரவுட், ஓடும் நீரில் நின்ற இடம் பெயராமல் நிற்கும் அந்த நிலையே இவ்விரண்டில் நுட்பமான அழகு.