கதைக்குள்ளே நின்று எழுதுவோர்: இரசிகர் கலைக்களஞ்சியங்களின் நடைவிதிகள்

நடை பற்றிய விதிகள் யாவும் இலக்கணத்தைச் சார்ந்தவை, அவற்றுக்குச் சமூகப் பொருள் எதுவும் இல்லை எனக் கருதுவோர் எம்மிடையே இன்றும் உளர். எந்தக் காலத்தில் வினைமுற்று அமைய வேண்டும், எழுதுபவன் தன்னைச் சுட்டலாமா, எதைச் சான்றாகக் கொள்ளலாம் என்பன வெறும் ஒழுங்குமுறைகளாகவே அவர்களுக்குத் தோன்றுகின்றன. ஆயினும், எவ்வாறு எழுத வேண்டும் என்று விதிப்பவன் எதைக் காண வேண்டும், எதைக் காணாது விட வேண்டும் என்பதையும் உடன் விதித்துவிடுகிறான். இவ்வுண்மையை விளக்குவதற்கு எமது காலத்துப் புதிய எழுத்துக்களம் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

தொலைக்காட்சித் தொடர், திரைப்படம், கணினி விளையாட்டு ஆகியவற்றின் இரசிகர்கள் கூடித் தொகுக்கும் விக்கிக் கலைக்களஞ்சியங்களையே குறிப்பிடுகின்றோம். 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்கு 2003இல் 'மெமரி அல்ஃபா' என்னும் களஞ்சியம் தோன்றியது. அத்தொடரின் 1969ஆம் ஆண்டுக் கதையொன்றில் வரும் விண்வெளி நூலகத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 'ஸ்டார் வோர்ஸ்' படங்களுக்கு 2005இல் 'வூக்கிபீடியா' எழுந்தது. இவற்றைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தகாது. பாடசாலைக் கட்டுரைக்கு அப்பால் ஓர் இளைஞன் பிறர் வாசிக்கவென்று எழுதும் முதல் உரைநடை இத்தகைய களங்களிலேயே அமைந்துவிடலாம். அவ்வாறாயின், அவன் அங்கு பயிலும் நடை அவனது சிந்தனைப் பழக்கமாகவும் ஆகிவிடும்.

இக்களஞ்சியங்கள் பங்களிப்பாளருக்கு வகுத்துள்ள விதிகளில் நாம் பாராட்ட வேண்டியவை பல உண்டு. ஒவ்வொரு கூற்றும் எந்தக் கதையிலிருந்து பெறப்பட்டது எனக் காட்டப்பட வேண்டும். ஊகத்தை உண்மைபோல் எழுதலாகாது. புகழ்மொழியும் வசைமொழியும் தவிர்க்கப்பட வேண்டும். பிறரது எழுத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதலாகாது. கருத்து வேறுபாடு எழுந்தால் பொதுவில் விவாதித்துத் தீர்க்க வேண்டும். தமிழில் விமரிசனம் என்ற பெயரில் வெளிவரும் எழுத்துக்களிற் கணிசமானவை நூலைத் திறவாமலே நூலாசிரியனை வாழ்த்துவன. சான்று கேட்டால் சினம் கொள்ளும் விமரிசகரும் உளர். இந்நிலையில், ஒரு பாத்திரம் இடக்கையால் எழுதினான் என்று சொல்வதற்கும் இத்தனையாவது கதையில் என்று ஆதாரம் கேட்கும் ஒழுக்கம் எமக்குப் பாடமாகவே அமையத்தக்கது. மேலும், முன்பின் அறியாத பலர் கூடி ஒரே குரலில் ஒரு நூலை ஆக்குவது எளிய காரியமன்று. கூட்டு உழைப்பின் ஆற்றலை நம்பும் நாம் இதனைக் குறைத்து மதிப்பிட இயலாது.

ஆனால் இவ்விதிகளுள் தலையாயது எது? கட்டுரைகள் கதையுலகின் உள்ளிருந்தே எழுதப்பட வேண்டும் என்பதே அது. மெமரி அல்ஃபாவில் எழுதுபவர், கற்பனைப் பாத்திரங்களையும் போர்களையும் கோள்களையும் பற்றி அவ்வுலகத்து ஆவணக்காப்பாளர் ஒருவர் எழுதுவதுபோல் எழுத வேண்டும். யாவும் நடந்து முடிந்த வரலாறாதலின் இறந்தகாலமே ஆளப்பட வேண்டும். கதை, ஆசிரியர், நடிகர், படப்பிடிப்பு ஆகிய சொற்களுக்கு அங்கே இடமில்லை. வூக்கிபீடியாவின் நெறியும் இதுவே.

2001இல் தோன்றிய விக்கிப்பீடியாவோ, புனைகதை பற்றி எழுதுவோருக்கு இதற்கு நேர்மாறான நெறியை வகுத்துள்ளது. புனைவைப் புனைவாகவே காட்ட வேண்டும். கதைச் சுருக்கம் நிகழ்காலத்தில் அமைய வேண்டும். யார் படைத்தார், எச்சூழலில் படைத்தார், மக்கள் எவ்வாறு ஏற்றனர் என்பனவே முதன்மை பெற வேண்டும் என்பது அதன் நிலை. ஆக, ஒரே பாத்திரத்தைப் பற்றி இரு களஞ்சியங்கள் இரு காலங்களில் எழுதுகின்றன. வினைமுற்றில் உள்ள இவ்வேறுபாடு உலகநோக்கின் வேறுபாடாகும்.

ஓர் உதாரணத்தால் இதனைத் தெளிவாக்குவோம். 1968ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி அமெரிக்காவில் ஒளிபரப்பாகிய ஸ்டார் ட்ரெக் கதையொன்றில், வெள்ளையரான கப்பற்றலைவர் கேர்க்கும் கறுப்பினப் பெண் அதிகாரியான உகூராவும் முத்தமிடும் காட்சி இடம்பெற்றது. உகூராவாக நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரு இனத்தவரிடையே நிகழ்ந்த முதல் முத்தம் இதுவே எனப் பலர் கூறுவர். முன்னரும் சில நிகழ்ந்தன என வாதிப்போரும் உளர். அவ்வாதம் எவ்வாறு முடியினும் காலச்சூழல் ஐயத்துக்கு இடமற்றது. வெள்ளையரும் பிற இனத்தவரும் மணம்புரிவதைத் தடைசெய்யும் சட்டங்கள் அந்நாட்டின் 16 மாநிலங்களில் நடைமுறையில் இருந்தன. உயர்நீதிமன்றம் அவற்றைச் செல்லாதனவாக்கியது 1967ஆம் ஆண்டு யூன் மாதத்திலேதான். அதிலிருந்து பதினேழு மாதங்களே கடந்திருந்தன.

இனி, இக்காட்சியைக் கதையுலகின் உள்ளிருந்து எழுதிப் பார்ப்போம். அற்புத ஆற்றல் பெற்ற வேற்றுக்கோளினர் கேர்க்கையும் உகூராவையும் பலவந்தமாக முத்தமிடச் செய்தனர் என்று எழுதலாம். வேறு எதுவும் எழுத இயலாது. ஏனெனில் அக்கதை நிகழும் இருபத்துமூன்றாம் நூற்றாண்டில் மனிதரிடையே நிறவெறி ஒழிந்துவிட்டது. கதையுலகத்து ஆவணக்காப்பாளருக்கு அம்முத்தத்தில் நிறம் என்ற ஒன்று தென்படவே தென்படாது. வாக்கியம் சான்றுடையது, இலக்கணம் பிழையற்றது, நடை நடுநிலையானது. ஆயினும் அந்நிகழ்ச்சியின் உயிர் அதில் இல்லை. காட்சியில் வேற்றுக்கோளினரின் வற்புறுத்தல் ஏன் தேவைப்பட்டது? இருவரும் தாமே விரும்பி முத்தமிட்டதாக அன்று ஏன் காட்டப்படவில்லை? இவ்வினாக்களை எழுப்புவதற்கே கதைக்கு வெளியே ஓரடி எடுத்துவைக்க வேண்டியுள்ளது. விதியோ அவ்வோரடியைத் தடுக்கின்றது.

இவ்விடத்து நாம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். தயாரிப்பு பற்றியும் நடிகர் பற்றியும் கூறுவதற்கு இக்களஞ்சியங்கள் கட்டுரையின் கீழே 'பின்னணிக் குறிப்பு' என ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளன. அங்கே அரிய செய்திகள் பல திரட்டப்பட்டுள்ளன. அன்றியும், கதைக்குள் நின்று எழுதுதல் ஒருவகை விளையாட்டு. விளையாடுவோர் அதனைக் கற்பனையென நன்கு அறிவர். அவ்விளையாட்டு இல்லையேல் இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் ஊதியமின்றி உழைத்திருக்கவும் மாட்டார் என்று அவர்கள் சார்பில் வாதிக்கலாம். இவ்வாதத்தை நாம் மறுக்கவில்லை. எனினும், வரிசையமைப்பும் ஒரு மதிப்பீடே. கப்பலின் நீளம் மேலேயும் காலத்தின் கோலம் கீழேயும் வைக்கப்படும்போது, சமூகம் இலக்கியத்துக்கு ஒரு பின்னிணைப்பு என்ற எண்ணம் வாசகன் மனத்திற் பதிகின்றது. கலை கலைக்காகவே என்ற பழைய கோட்பாடு இங்கு வாதமாக வரவில்லை. பக்க அமைப்பாக வந்து நிற்கின்றது.

இரண்டாவது பிரச்சினை அதிகாரம் பற்றியது. எது உண்மையான கதை, எது புறக்கதை என்பதை யார் தீர்மானிப்பது? 2012இல் டிஸ்னி கம்பனி லூக்கஸ்ஃபில்ம் நிறுவனத்தை ஏறக்குறைய 400 கோடி டொலருக்கு வாங்கியது. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில், அதுவரை பல ஆண்டுகளாக வெளிவந்த ஸ்டார் வோர்ஸ் நாவல்களும் சித்திரக்கதைகளும் 'லெஜென்ட்ஸ்', அதாவது பழங்கதைகள், என அந்நிறுவனம் அறிவித்தது. ஒரே அறிவிப்பால், இரசிகர்கள் வரலாறெனத் தொகுத்தவற்றில் பெரும்பகுதி வரலாறு அல்லாததாயிற்று. எமது பதிப்பாசிரியர்களும் எது மூலபாடம், எது இடைச்செருகல் என்று ஆராய்ந்தவர்களே. உ. வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்துவைத்தார். அங்கே தீர்ப்புக்கு அடிப்படை சான்று, இங்கோ உடைமையுரிமை. கதையின் உரிமை யாரிடமோ அவரிடமே கதையின் உண்மையும் இருக்கின்றது என்பதை ஏற்றுக்கொள்ளப் பழகும் இளைஞன், நாளை நாட்டின் வரலாற்றையும் உடைமையாளர் கூறியவாறே ஏற்றுக்கொள்ளத் தயங்குவானா? ஆயினும், வூக்கிபீடியாவின் தொகுப்பாளர்கள் பழைய கட்டுரைகளை அழித்துவிடவில்லை. பழையதும் புதியதும் அருகருகே இருக்குமாறு தனித்தனிப் பக்கங்களாக அமைத்தனர். மக்களின் நினைவை முற்றாக விட்டுக்கொடாத அச்செயல் மதிக்கத்தக்கது.

மூன்றாவது, உழைப்புப் பற்றிய பிரச்சினை. இரசிகர் களஞ்சியங்கள் பலவற்றுக்கு இடமளிக்கும் 'ஃபேண்டம்' நிறுவனம் 2004இல் ஜிம்மி வேல்ஸ், ஏஞ்சலா பீஸ்லி ஆகியோரால் வேறு பெயரில் தொடங்கப்பட்டது. 2018இல் அது டி.பி.ஜி. என்னும் முதலீட்டுக் கம்பனியின் கைக்கு மாறியது. எழுதுவோருக்கு ஊதியமில்லை, எழுத்தைச் சூழ்ந்துள்ள விளம்பரங்களின் வருவாய் நிறுவனத்துக்கு உரியது. 2018இல் 'ரூன்ஸ்கேப்' விளையாட்டின் தொகுப்பாளர்களும், 2023இல் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் தொகுப்பாளர்களும் அங்கிருந்து வெளியேறித் தமக்கென வேறிடம் அமைத்துக்கொண்டனர். கட்டற்ற உரிமத்தில் எழுதப்பட்டமையால் தமது எழுத்தை உடன்கொண்டுசெல்ல அவர்களால் முடிந்தது. அதே உரிமத்தால் பழைய பிரதி கம்பனியிடமும் தங்கிவிட்டது. எழுதுபவன் தன்னைச் சுட்டலாகாது என்னும் நடைவிதியின் இன்னொரு பக்கம் இங்கே புலனாகின்றது. பொதுமைக்காகத் தன் பெயரை மறைத்துக்கொள்வது பெருந்தன்மை. ஆனால் அம்மறைவின் நிழலில் இலாபம் ஈட்டுவோன் பெயர் மட்டும் பக்கத்தின் உச்சியில் ஒளிர்கின்றது.

அங்ஙனமாயின் நாம் விரும்புவது யாது? இவ்விதிகளை எரித்துவிடுமாறு எவரையும் கேட்கவில்லை. சான்று காட்டும் ஒழுக்கமும் பொதுவிவாதமும் நிலைபெற வேண்டும். அவற்றோடு, கட்டுரையின் முதற்பத்தியிலேயே இது இன்ன ஆண்டில், இன்ன நாட்டில், இன்னாரால் ஆக்கப்பட்டது என்று கூறப்பட வேண்டும். கதையின் உண்மையை உரிமையாளரின் அறிவிப்பு என்றே குறிக்க வேண்டும், இயற்கையின் நியதிபோல் எழுதலாகாது. ஆக்கியோரின் உழைப்பு எங்கே செல்கின்றது என்பது நடைக் கையேட்டிலேயே சொல்லப்பட வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிற் சோதித்துப் பார்க்கலாம். மாணவர் விரும்பும் ஒரு பாத்திரத்தைப் பற்றிக் கதைக்குள் நின்று ஒரு பக்கமும், கதைக்கு வெளியே நின்று ஒரு பக்கமும் எழுதச் செய்க. முதற் பக்கத்தை எழுத நினைவாற்றல் போதும். இரண்டாம் பக்கத்தை எழுதுவதற்கு ஆண்டு, நாடு, வர்க்கம், பணம் ஆகியவற்றைப் பற்றி விசாரிக்க வேண்டிவரும். அவ்விசாரணை தொடங்குமிடத்திலேயே விமரிசனமும் தொடங்குகின்றது.