4000 வோல்ட் தாங்கும் பல்பு 390 வோல்ட்டில் போனது ஏன்?

போன மழைக்காலத்தில் ஒருநாள் ராத்திரி, எங்கள் வீட்டில் எரிந்துகொண்டிருந்த அஞ்சு எல்இடி பல்பும் சில நிமிஷத்துக்குள் போய்விட்டன. இடி, மின்னல் எதுவும் இல்லை. வேறு ஃபேஸில் இருந்த ஏசிக்கு ஒன்றும் ஆகவில்லை, காற்று மட்டும் வரவில்லை. மறுநாள் எலக்ட்ரீஷியன் மெயின் போர்டைத் திறந்தார். நியூட்ரல் லிங்க்கில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து வயர் கருகியிருந்தது. "நியூட்ரல் போயிருக்கு சார், ஹை வோல்டேஜ் ஏறியிருக்கும்" என்றார்.

பல்பு வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "4 கிலோவோல்ட் சர்ஜ் பாதுகாப்பு". நான் படித்தது பிஇ என்றாலும் பிழைப்பு மென்பொருளில்தான். ஆனாலும் இந்த வாசகம் உறுத்தியது. 4000 வோல்ட் தாங்குகிற பல்பு அதில் பத்தில் ஒரு பங்குக்குச் செத்துப்போகுமா?

போகும். விஷயம் வோல்ட்டில் மட்டும் இல்லை, நேரத்திலும் இருக்கு.

சர்ஜ் சோதனையில் வழக்கமாகச் செலுத்தும் துடிப்பு 1.2 மைக்ரோ நொடியில் உச்சத்துக்கு ஏறி, 50 மைக்ரோ நொடியில் பாதியாக இறங்கிவிடும். பக்கத்தில் மின்னல் இறங்கும்போதும், பெரிய மோட்டாரை நிறுத்தும்போதும் லைனில் வருவது இந்த மாதிரி நொடிப்பொழுது எகிறல்தான். அதைப் பிடிக்கத்தான் பல்புக்குள் வேரிஸ்டர் என்ற சின்ன வட்டு. சாதாரண வோல்டேஜில் சும்மா இருக்கும். எகிறினால் தன் வழியாகக் கரண்டை விட்டு, அந்தச் சக்தியைச் சூடாக்கிவிடும். கண நேரச் சூடு அதற்குப் பழக்கம். நிமிஷக்கணக்கில் என்றால் கருகிவிடும். இங்கே பரவலாகப் பயன்படும் 471 வகை வேரிஸ்டர் சுமார் 470 வோல்ட்டில் கடத்த ஆரம்பிக்கும், தொடர்ந்து தாங்குவது 300 வோல்ட் ஏசி வரைதான்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருவோம். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால், ஒரு ஃபேஸில் இருக்கும் ஏசியும் இன்னொரு ஃபேஸில் இருக்கும் பல்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். 1500 வாட் ஏசியை 35 ஓம் என்றும், 9 வாட் பல்பு அஞ்சையும் சேர்த்து 1175 ஓம் என்றும் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். பல்புகளின் பங்கு ஏறக்குறைய 390 வோல்ட், உச்சத்தில் 550. ஏசிக்குக் கிடைப்பது வெறும் 10, 12 வோல்ட். யார் குறைவாகச் செலவழிக்கிறார்களோ அவர்கள் தலையில்தான் விழும். சிக்கனமே எல்இடிக்கு எமன்.

அஞ்சு பல்பையும் உடைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வேரிஸ்டர் இருந்தது. ஆக, கம்பெனி பொய் சொல்லவில்லை. ஆனால் அஞ்சிலும் அந்த வட்டுதான் கருகியிருந்தது. காப்பாற்ற வைத்த காவலாளியே முதல் பலி.

என் குறை இதுதான். பெட்டியில் இருப்பது பாதி உண்மை. எவ்வளவு நேரத்துக்கு 4 கிலோவோல்ட் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டால், வாங்குகிறவர் "எந்த ஹை வோல்டேஜ் வந்தாலும் தாங்கும்"னுதான் படிப்பார். இடி அதிகம் விழும் ஊர்களில் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொடர்ந்து எத்தனை வோல்ட் வரை வேலை செய்யும் என்பது பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலே பாதி குழப்பம் தீரும்.

கடையில் சொல்லும் தீர்வுகளும் இதே ரகம். "எம்சிபி இருக்கே?" எம்சிபி பார்ப்பது கரண்டை, வோல்டேஜை அல்ல. "ஆர்சிசிபி?" அது கசிவைப் பார்க்கும். "ஸ்பைக் கார்டு?" அதில் சொருகியதற்கு மட்டும்தான் காவல். கூரையில் தொங்குகிற பல்பை அதில் எப்படிச் சொருகுவது?

இரண்டு நோய்க்கு இரண்டு மருந்து வேண்டும். நிமிஷக்கணக்கில் ஏறும் வோல்டேஜுக்கு, மெயின் போர்டில் ஓவர்வோல்டேஜ் ரிலே. சுமார் 270 வோல்ட் தாண்டினால் துண்டித்து, சரியானதும் கொஞ்சம் பொறுத்து இணைக்கும். ஆனால் மின்னல் துடிப்பைப் பிடிக்க அதற்கு வேகம் போதாது. அதற்கு டைப் 2 எஸ்பிடி, கூடவே ஒழுங்கான எர்த். எர்த் இல்லாமல் எஸ்பிடி மாட்டுவது வடிகால் இல்லாத தொட்டிக்குக் குழாய் வைக்கிற மாதிரி.

எங்கள் வீட்டில் எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டையும் மாட்டியாச்சு. வருஷம் ஒருமுறை மெயினை அணைத்து, நியூட்ரல் ஸ்க்ரூக்களை இறுக்கித் தரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அதை மட்டும் செய்திருந்தால்கூட அஞ்சு பல்பும் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்.